ஊர்ப் பெயர் எம்.வி. 79: பல்லடத்துக்கு வேலைக்கு வரும் வங்காளிகள் எந்த நாட்டுக்காரர்கள்?

பல்லடத்தில் விசைத்தறி ஓட்ட வந்தாலும் சரி, கோழிப்பண்ணையில் தீவனம் அள்ள வந்தாலும் சரி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்தாலும் சரி, வெளிமாநிலத்துக்காரர் என்றால் உள்ளூரில் பெயர் ஒன்றுதான். ‘இந்திக்காரப் பசங்க.’ அவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழியே கிடையாது. ஒடியா பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அசாமியர் இருக்கிறார்கள், வங்காளம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வங்காளம் பேசுகிறவர்களுக்குத்தான் இப்போது சிக்கல். பல்லடம், அருள்புரம் பக்கம் உரிய ஆவணம் இல்லாமல் தங்கியிருந்த வங்கதேசத்தவரை போலீஸார் கைது செய்த செய்திகள் 2025-ல் அடுத்தடுத்து வந்தன. அதன் பிறகு லைன் வீட்டு ஓனர்கள் “எந்த ஊருங்க தம்பி?” என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. “நீ வங்காளமா, வங்கதேசமா?” என்று அடுத்த கேள்வியும் வருகிறது. கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது. போலி ஆதாரோடு பிடிபட்டவர்களும் இருக்கிறார்களே! ஆனால், அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத குடும்பங்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குள்ளேயே இருக்கின்றன. அது ஏன் என்று தெரிந்துகொள்ள 1947-க்குப் போக வேண்டும்.

சுதந்திரம் கிடைத்தது ஆகஸ்ட் 15. ஆனால், எந்த ஊர் இந்தியா, எந்த ஊர் பாகிஸ்தான் என்று ராட்கிளிஃப் போட்ட கோடு வெளியானது ஆகஸ்ட் 17. இடையில் இருந்த நாள்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. முஸ்லிம்கள் அதிகம் என்பதால் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி பறந்தது. இந்துக்கள் அதிகம் என்பதால் குல்னாவில் இந்தியக் கொடி பறந்தது. கோடு வெளியானபோது இரண்டும் தலைகீழ். முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு வந்தது, குல்னா கிழக்கு பாகிஸ்தானுக்குப் போனது. இன்றைக்கு தென்னிந்தியாவில் கட்டட வேலை செய்யும் முர்ஷிதாபாத் முஸ்லிம் இளைஞர்கள் பலரின் குடும்பம் எந்த எல்லையையும் தாண்டியதே கிடையாது. பெயரையும் பேச்சையும் வைத்து முதலில் சந்தேகப்படுவதும் அவர்களைத்தான்.

எல்லை தாண்டி வந்தவர்களின் கதை வேறு. பஞ்சாபில் பிரிவினை நடந்தது ஒரே மூச்சில். சில மாதங்களில் இரண்டு பக்க மக்களும் இடம் மாறிவிட்டார்கள். வங்கத்தில் அப்படி நடக்கவில்லை. அங்கே அது கால் நூற்றாண்டுக்கு இழுத்தது. 1946-ல் நவகாளிக் கலவரம், 1950-ல் பாரிசால் பகுதிக் கலவரங்கள், 1964-ல் மறுபடியும் கலவரம், கடைசியாக 1971 போர். ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் கிளம்பி சியால்டா ரயில் நிலைய பிளாட்பாரத்தில் வந்து படுத்தது.

முதலில் வந்தவர்கள் படித்தவர்கள், கொஞ்சம் வசதி உள்ளவர்கள். கல்கத்தாவைச் சுற்றி காலி நிலங்களில் குடிசை போட்டு, பிறகு அதையே காலனியாக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் நிலத்தில் வேலை செய்த நமசூத்திரர்கள். அவர்களின் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல், பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சராகவே இருந்தவர். தன் மக்களுக்கு அங்கே பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பிப் போனவர், 1950 அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டு கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார். அமைச்சருக்கே அந்த நிலை.

இன்னொரு விஷயம் தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படுவதில்லை. மேற்கு பாகிஸ்தானில் நிலம், வீடு இழந்து வந்தவர்களுக்கு இழப்பீடு கொடுக்க 1954-ல் தனிச் சட்டமே வந்தது. கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு அது கிடையாது. 1950 ஏப்ரலில் நேருவும் லியாகத் அலி கானும் போட்ட ஒப்பந்தப்படி அவர்களின் சொத்து அங்கே அவர்கள் பெயரிலேயே இருக்கும், நிலைமை சரியானதும் திரும்பிப் போய்விடலாம் என்பது கணக்கு. பலர் திரும்பவில்லை. இழப்பீடும் வரவில்லை. கணக்கு போட்டவர்கள் டெல்லியில் இருந்தார்கள், பிளாட்பாரத்தில் இல்லை.

சுஜாதாவுக்கு முன்பு ஒரு நீதா

இந்தக் கதை தமிழ் வீடுகளுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது, வேறு உடையில். 1974-ல் கே.பாலசந்தர் இயக்கிய ‘அவள் ஒரு தொடர்கதை’யில், குடும்பத்தையே தோளில் சுமக்கும் கவிதாவாக சுஜாதா நடித்ததை மறக்க முடியாது. ரித்விக் கட்டக் 1960-ல் எடுத்த ‘மேகே டாக்கா தாரா’வின் தாக்கத்தில் உருவானது என்று சொல்லப்படும் படம் அது. வங்காளப் படத்தின் நாயகி நீதா, கல்கத்தா ஓரத்தில் அகதிக் குடியிருப்பில் வாழ்கிறவள். ஊரை விட்டு ஓடி வந்த குடும்பம் என்பதால்தான் ஒரு பெண்ணின் சம்பளத்தில் அத்தனை பேரும் தொங்குகிறார்கள். தமிழுக்கு வரும்போது பிரிவினை கழன்றுவிட்டது, சுமை மட்டும் மிஞ்சியது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தமிழ்ப்படம் 1977-ல் ‘கபிதா’ என்ற பெயரில் வங்காளத்துக்கே ரீமேக்காகத் திரும்பிப் போனது. அதில் கமல்ஹாசனும் நடித்தார்.

1971-ல் இன்னொரு வழியாகவும் இந்த விஷயம் பல்லடம் வரை வந்தது. போர் நடந்த அந்த ஆண்டு ஏறக்குறைய ஒரு கோடி பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். செலவைச் சமாளிக்க, நவம்பர் 15 முதல் கடிதங்களில் வழக்கமான தபால் தலையோடு 5 பைசா ‘அகதிகள் நிவாரண’ தபால் தலையும் ஒட்ட வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. தனித் தலை அச்சாகி வருவதற்குள், குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் போட்ட 5 பைசா தலையின் மேலேயே எழுத்தை அச்சிட்டுக்கூட விற்றார்கள். கொங்கு வட்டாரத்திலிருந்து பட்டாளத்துக் கணவருக்குக் கடிதம் எழுதிய பெண்ணும் டாக்காவுக்காக 5 பைசா கொடுத்திருக்கிறார். பழைய டிரங்குப் பெட்டியில் அந்தக் காலக் கடிதங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அப்படி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வங்கதேசம் பிறந்ததும் 1972-ல் திரும்பிப் போனார்கள். 1971 மார்ச் 25-க்கு முன்பே வந்து தங்கியவர்கள்தான் இந்தக் கட்டுரையின் ஆட்கள்.

காட்டுக்குள் ஒரு நம்பர்

மேற்கு வங்கத்தில் இடமில்லை என்று சொல்லி, மத்திய அரசு 1958-ல் தண்டகாரண்ய வளர்ச்சி ஆணையத்தை அமைத்தது. ராமன் வனவாசம் போன அதே பெயர்தான். ஒடிசாவின் கோராபுட், காளஹண்டி, அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர் என்று காட்டை வெட்டிக் கிராமங்களை உருவாக்கினார்கள். ஆறும் மீனும் நெல்லுமாக வாழ்ந்த மக்களை மேட்டுக்காட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தக் காடு ஆதிவாசிகளுடையது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆதிவாசிகளிடமும் யாரும் கேட்கவில்லை. அந்த உரசல் இன்று வரை தீரவில்லை.

அவசரத்தில் கிராமங்களுக்குப் பெயர் வைக்கக்கூட நேரம் இல்லை போலிருக்கிறது. மல்கான்கிரி வட்டாரத்தில் எம்.வி. 1, எம்.வி. 2 என்று போய்க்கொண்டே இருக்கும். எம்.வி. என்றால் ‘மல்கான்கிரி வில்லேஜ்’. சத்தீஸ்கரின் பரல்கோட் பகுதியில் பி.வி. என்று தொடங்கும். நமக்குப் பக்கத்து மாநிலத்திலும் உண்டு. கர்நாடகாவின் ராய்ச்சூர் மாவட்டம் சிந்தனூர் அருகே ஆர்.எச். கேம்ப் 1, 2 என்று வங்காளக் குடியிருப்புகள் இருக்கின்றன. துங்கபத்ரா கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைவிக்கிறார்கள்.

தண்டகாரண்யத்தில் காலூன்ற முடியாமல் 1978-ல் பல்லாயிரம் பேர் கிளம்பி, சுந்தரவனத்தில் மரிச்ஜாபி தீவில் குடியேறினார்கள். கிணறு தோண்டி, பள்ளிக்கூடம்கூட கட்டினார்கள். வனத்துறை நிலம் என்றது மேற்கு வங்கத்தின் இடது முன்னணி அரசு. 1979 ஜனவரியில் படகுகளால் தீவை வளைத்து உணவும் குடிநீரும் போகாமல் தடுத்தது போலீஸ். மாத இறுதியில் துப்பாக்கிச் சூடு. மே மாதத்தில் மொத்தமாக வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் எத்தனை என்பதில் அரசுக் கணக்குக்கும் தப்பியவர்கள் சொல்லும் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. வேறு பெரிய நகரத்தில் நடந்திருந்தால் பாடப்புத்தகத்தில் வந்திருக்கும்.

இப்படி முகாம் விட்டு முகாம், மாநிலம் விட்டு மாநிலம் அலைந்த குடும்பத்தில் தாத்தாவின் எல்லைச் சீட்டு எங்கே இருக்கும்? சட்டம் கேட்பதோ அதைத்தான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து பிறந்தவருக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். கணக்கு போட்டுப் பாருங்கள். பல்லடத்துக்கு பை தூக்கிக்கொண்டு வரும் 19, 20 வயதுப் பையனுக்குத்தான் சட்டம் மிகக் கடுமையான நிபந்தனையை வைத்திருக்கிறது. அவன் கையில் இருப்பது ஆதார். ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களுக்கு ஒரு வாசல் திறந்தது. 2014 டிசம்பர் 31-க்குள் வங்கதேசம், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் விண்ணப்பிக்கலாம். விதிகள் 2024 மார்ச்சில்தான் வந்தன. ஆனால், விண்ணப்பிக்க வேண்டுமென்றால் ‘நான் வெளிநாட்டிலிருந்து வந்தவன்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 40 ஆண்டுகளாக ஓட்டுப் போடும் குடும்பம் அதை எழுதத் தயங்குவது நியாயம்தானே?

கொங்கு மக்களுக்கு இந்த நிலைமை புரியாததல்ல. ஈரோடு மாவட்டம் பவானிசாகரிலும் கோவை பூலுவப்பட்டியிலும் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களில் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் இந்தியர் ஆகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். 2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தது. தண்டனைதான் விலகியது, குடியுரிமை வரவில்லை.

வாடகைக்கு வீடு கொடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஆவணத்தைப் பாருங்கள், நகல் வாங்குங்கள், காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள். அதில் தவறே இல்லை. ஆனால், முகவரியில் ‘எம்.வி. 79’ என்று இருந்தால் போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மாவட்டம் மல்கான்கிரி, மாநிலம் ஒடிசா, பின்கோடு 764-ல் தொடங்குகிறதா என்று பார்த்தால் போதும். அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறது.