சராசரிக்குள் வராதவர்கள்

கேரளாவா, தமிழ்நாடா என்று பேச்சு வந்தாலே நண்பர்கள் குழந்தை இறப்பு விகிதத்தை எடுத்துப் போடுகிறார்கள். 2020 கணக்கில் ஆயிரம் பிறப்புக்குக் கேரளாவில் 6, இங்கே 13. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கேரளாவின் அட்டப்பாடியில் 2013இல் பழங்குடிக் குழந்தைகள் ஊட்டச்சத்தின்றி அடுத்தடுத்துச் செத்தார்கள். 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரருக்கு வயலைக் கொடுத்தது. அந்த வயலில் உழைத்த தலித்துக்குக் கிடைத்ததோ குடிசை நின்ற சில சென்ட். 2007இல் நிலமற்றவர்கள் செங்கரா ரப்பர் தோட்டத்துக்குள் குடியேறியது சும்மா இல்லை. நாமும் சிரிக்க வேண்டாம். பஞ்சமி நிலம் இன்று யார் கையில்? இங்கே சேரியில், அங்கே காலனியில் எத்தனை குழந்தைகள் சாகின்றன என்று இரு அரசுகளும் தனியாகக் கணக்குக் காட்டட்டும். பிறகு ஒப்பிடுவோம்.