சொல்வன்மை கலையா, வாய்வீச்சா?

“வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்” என்பதை எம்மவர் மெச்சியும் சொல்வர், இகழ்ந்தும் சொல்வர். அண்மைக் காலமாக இகழ்ச்சியே மேலோங்கி நிற்கின்றது. “பேச்சும் எழுத்தும் ஒரு கலையா? உண்மை உடையவனுக்கு அவை எதற்கு? இல்லாதவனுக்கன்றோ அவை வேண்டும்!” என்று படித்தோர் சிலர் எம்மைக் கேட்கின்றனர். கேட்போருள் மருத்துவரும் உளர், பொறியியலாளரும் உளர். சட்டத்தரணிகளாகிய எம்மைக் குத்துவதற்கென்றே சிலர் கேட்கின்றனர் என்பதையும் அறிவோம். குத்தை ஏற்றுக்கொண்டே மறுமொழி கூறுவோம்.

இக்கேள்வி எம் நண்பர்கள் கண்டுபிடித்ததன்று. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே பிளேட்டோ தம் ‘கோர்கியாஸ்’ என்னும் நூலில் இதனைச் சோக்கிரதரின் வாயில் வைத்தார். மருத்துவன் தான் செய்வதற்குக் காரணம் சொல்ல வல்லவன். ஆகவே மருத்துவம் கலை. சமையற்காரனோ நாவுக்கு இனிப்பதைப் பழக்கத்தால் அறிந்து தருபவன். அது கலையன்று, முகத்துதி. மருத்துவத்தின் எதிரே சமையல் எப்படியோ, நீதியின் எதிரே சொல்வன்மை அப்படி. சிறுபிள்ளைகள் நீதிபதிகளாய் அமர்ந்தால் கசப்பு மருந்து கொடுத்தவன் தோற்பான். பலகாரம் கொடுத்தவன் வெல்வான். (இவ்வாதத்தை எமது வீட்டு அடுக்களையில் எடுத்துரைக்க எமக்குத் துணிவில்லை.)

வாதம் வலிமையுடையதே. ஆனால் பிளேட்டோ அதனை எதைக்கொண்டு நிலைநாட்டினார்? உவமையைக் கொண்டும், வினாவிடையைக் கொண்டும், கேட்போர் உள்ளத்தைத் தொடும் நடையைக் கொண்டும் அன்றோ! சொல்வன்மையைக் கண்டிக்கவும் சொல்வன்மையே அவருக்கு வேண்டியிருந்தது. அவர் மாணவராகிய அரிஸ்டோட்டில் முடிச்சை வேறுவிதமாக அவிழ்த்தார். சிலர் தற்செயலாகவும் சிலர் பழக்கத்தாலும் பிறரை இணங்கச் செய்கின்றனர். அது ஏன் பலித்தது என்று காரணம் காண இயலும். காரணம் காண்பதே கலையின் தொழில் என்றார். உண்மையும் நியாயமும் இயல்பாகவே வலியவை, அவை மன்றில் தோற்குமாயின் குற்றம் பேசினவரையே சாரும் என்றும் அவர் கருதினார். “உண்மைக்குப் பேச்சு எதற்கு” என்போர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

கமக்காரர்களுக்கு ஒன்று சொல்வோம். இந்தக் கலை அரண்மனையிற் பிறந்ததன்று. காணி வழக்கிற் பிறந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கொடுங்கோலர் துரத்தப்பட்டபின், நெடுங்காலம் நிலத்தைப் பறிகொடுத்திருந்தோர் அதனை மீட்க மன்றேறினர். உறுதியும் பத்திரமும் எல்லோர் கையிலும் இருந்திருக்குமா? எது நடந்திருக்கக் கூடியது என்று எடுத்துக்காட்டி வாதிட வேண்டியதாயிற்று. அப்பொழுதுதான் கோரக்ஸ், தீசியாஸ் என்னும் இருவர் வாதிடும் முறையை நூலாக்கினர் என்று அரிஸ்டோட்டிலைச் சான்று காட்டி ரோமச் சட்டத்தரணி சிசரோ எழுதிவைத்தார். காணி இழந்தவனின் கருவியைக் காணியுள்ளோர் “வெறும் பேச்சு” என்று இகழ்வது எளிது.

எமது மரபும் அதனை அணிகலனாகக் கொள்ளவில்லை. வள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்னும் மூன்று அதிகாரங்களையும் அமைச்சியலில் வைத்தார். பத்து அதிகாரங்களில் மூன்று! யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 ஆம் நாள் தம் முதற் பிரசங்கத்தைச் செய்த ஆறுமுக நாவலருக்கு அப்போது வயது 25. பாதிரிமாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவர், அவர்களின் பிரசங்க முறையைக் கூர்ந்து கற்று, அதனைக்கொண்டே அவர்களுக்கு மறுமொழி கூறினார். கற்கக் கூடியதும், எதிர்த்தரப்பிடமிருந்தே கற்கக் கூடியதுமான ஒன்றைக் கலையன்று என்று எவ்வாறு சொல்வது?

இனி எம்மவர்மீதே குற்றஞ் சாட்டுவோம். சொல்வன்மைக்கு இழுக்குத் தேடித்தந்தோர் அதன் பகைவரல்லர். மேடையேறிய எம் நண்பர்களே. எதுகையும் மோனையும் அடுக்கி, இரண்டு மணிநேரம் முழங்கி, கைதட்டல் வாங்கிச் செல்கின்றனர். மறுநாள் “என்ன சொன்னார்?” என்று கேட்டால், “நன்றாகச் சொன்னார்” என்பதே விடை. கேட்போரைச் சினத்தால் வளைத்துவிட்டுத் தீர்ப்புக் கேட்பது, அளக்கப் போகும் கோலையே வளைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும் என்று அரிஸ்டோட்டில் எச்சரித்தார். எமது மேடைகளில் நேரான கோல் எத்தனை எஞ்சியிருக்கின்றன?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். ஒரு கிராமத்துக் கமக்காரர் தங்கள் குளத்தின் துருசு பழுதடைந்ததென்று மனு அனுப்பினர். பதில் வரவில்லை. மனுவின் பிரதியை எம்மிடம் கொண்டுவந்தனர். நான்கு பக்கம்! முதற் பக்கம் முழுவதும் அதிகாரியின் பெருமை. இரண்டாவது உழவின் பெருமை. துருசு மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தது. எழுதியவர் யார் என்று விசாரித்தோம். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்: எமது மேடைப் பேச்சாளருள் ஒருவர்.

வந்தவருள் முதியவர் ஒருவரை “நீங்கள் சொல்லுங்கள், ஐயா” என்றோம். எந்த மாதம் உடைந்தது, காலபோகத்தில் எவரெவர் வயல் காய்ந்தது, முன்னர் யார் வந்து பார்த்துவிட்டுப் போனார், திருத்த எத்தனை மூடை சீமெந்து வேண்டும் என்று அவர் ஒழுங்காகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “எனக்கு எழுத வராது, தம்பி” என்றார். அவர் சொன்ன ஒழுங்கை மாற்றாமல் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். இரண்டு கிழமைக்குள் அதிகாரி குளக்கட்டில் வந்து நின்றார். உண்மை இரண்டு மனுக்களிலும் ஒன்றே, துருசும் ஒன்றே.

அடுத்த காலபோக விதைப்புக்கு முன் நாம் கூட்டும் கிராமக் கூட்டங்களில் பேச்சாளருக்குப் பதினைந்து நிமிடமும், அவரிடம் கேள்வி கேட்கக் கமக்காரருக்கு ஒரு மணிநேரமும் ஒதுக்கியுள்ளோம். இந்த ஏற்பாடு தமக்கு இழிவென்று எமது நாவலர்கள் இருவர் ஏற்கெனவே அறிவித்துவிட்டனர். அவர்களின் பெயரை அறிவித்தலிலிருந்து நீக்கிவிட்டோம்.