வாய்க்கால் தண்ணீருக்கு நீலம் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரம் பாட்டு கேட்பார்கள். இரண்டாவது வாரம் கேம்ஸ் ஆடுவார்கள். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் என்னிடம் வந்து, "இந்த த்ரீடி எல்லாம் நம்ம வீட்டு சிஸ்டத்துல வருமா?" என்று கேட்பது வழக்கம். தாராளமாக வரும். பிளெண்டர் என்னும் சாப்ட்வேர் 2002-ஆம் ஆண்டிலிருந்து ஓப்பன் சோர்ஸ் முறையில் இலவசமாகக் கிடைக்கிறது. 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் இருந்தால் கற்றுக்கொள்ளப் போதும்.

பிளெண்டரைத் திறந்ததும் பலர் ஆசைப்படுவது தண்ணீர் செய்து பார்க்கத்தான். தடுக்கி விழுவதும் அங்கேதான். நானும் விழுந்தவன். பகலில் வங்கி சாப்ட்வேர் எழுதுவது என் வேலை. த்ரீடி இரவு நேரப் பொழுதுபோக்கு. முதன்முதலில் நான் செய்த தண்ணீரைப் பார்த்த என் அம்மா, "ஏன்டா, பிளாஸ்டிக் கவரை விரிச்சு வெச்சிருக்க?" என்றார்.

தவறு எளிமையானது. தண்ணீர் என்றால் நீலம் என்று நினைத்து நீல நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். உங்கள் வீட்டு டம்ளரில் உள்ள தண்ணீர் நீலமாகவா இருக்கிறது? பல மீட்டர் ஆழத்தில்தான் தண்ணீர் சிவப்பு ஒளியை அதிகமாக உறிஞ்சி, நீலத்தை மிச்சம் வைக்கிறது. ஆழமில்லாத தண்ணீருக்குச் சொந்த நிறம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அடியில் இருப்பதும் மேலே தெரியும் வானமும் எதிர்க்கரையும்தான் அதன் நிறம்.

இதில் எது எவ்வளவு தெரியும் என்பது பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் பிரதிபலிக்கும். அடித்தளம் நன்றாகத் தெரியும். நீர்மட்டத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் சாய்வாகப் பார்த்தால் பிரதிபலிப்பு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். இன்னும் சாய்ந்தால் முழுக்கக் கண்ணாடிதான். பிரெனல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்த கணக்கு இது. பிளெண்டரில் மெட்டீரியல் பகுதிக்குச் சென்று ஐ.ஓ.ஆர். என்ற கட்டத்தில் 1.333 என்று டைப் செய்தால், இந்தக் கணக்கை கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொள்ளும். ரஃப்னெஸ் மதிப்பைக் குறைத்து வையுங்கள். நீலத்தைத் தொடாதீர்கள்.

சினிமாக்காரர்களுக்கும் இதே பாடம்தான். புதுச்சேரியில் தொடங்கி நடுக்கடலுக்குப் போகும் 'லைஃப் ஆஃப் பை' 2012-இல் வந்தது. தைவானில் கட்டிய அலைத் தொட்டியில் எடுத்த காட்சிகளுக்கு, தொடுவானம் வரை கடலை நீட்டித்தது கம்ப்யூட்டர். ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் செய்த அந்த வேலையில் அதன் மும்பை, ஐதராபாத் ஸ்டுடியோக்களுக்கும் பங்கு உண்டு. 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் கிடைத்தது. அதே மாதம், விருதுக்குச் சில நாட்கள் முன்னதாக, நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. தண்ணீர் செய்வது லாபமான தொழில் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்குத் தண்ணீர் கற்றுக்கொடுத்தது கடல் அல்ல, எங்கள் எம்.கே.பி. நகர் ஓரமாக ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய். இன்டர்நெட்டில் கிடைக்கும் பயிற்சிகளில் எல்லாம் மாலத்தீவுத் தண்ணீர், நீச்சல்குளத் தண்ணீர். கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் பழைய கம்ப்யூட்டரில் அவற்றைச் செய்தால் ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். தெளிந்த நீர் என்றால் ஒவ்வொரு ஒளிக்கதிரும் உள்ளே புகுந்து, வளைந்து, தரையைத் தொட்டு, திரும்பி வெளியே வரவேண்டும். அத்தனை தடவையும் கணக்குப் போடவேண்டும்.

கால்வாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளே ஒன்றும் தெரியாது. டிரான்ஸ்மிஷன் மதிப்பைப் பூஜ்யமாக்கி, கரும்பச்சை நிறம் கொடுத்து, லேசான மேடுபள்ளத்துக்கு ஒரு நாய்ஸ் டெக்ஸ்சரைச் சேர்த்தேன். மீதி எல்லாம் பிரதிபலிப்பு: எதிர்க்கரைச் சுவர், ஈ.பி. போஸ்ட், வானம். ஆகாயத்தாமரைச் செடி ஒன்றே ஒன்று செய்து, ஆல்ட் கீயுடன் டி அழுத்தி நூற்றுக்கணக்கில் பரப்பினேன். ஷிப்ட் கீயுடன் டி அழுத்தினால் ஒவ்வொன்றும் தனிச்செடியாகி மெமரியைத் தின்னும். ஆல்ட் என்றால் எல்லாம் ஒரே செடியைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்பது நிமிடத்தில் படம் வந்துவிட்டது. "நம்ம கால்வாய் மாதிரியே இருக்குடா" என்றார் அம்மா. அழுக்குத் தண்ணீரைச் செய்வது கம்ப்யூட்டருக்குச் சுலபம் என்று அன்று தெரிந்துகொண்டேன். புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

இனி நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். நாலைந்து வருடங்களுக்கு முன்பு, நண்பர் மூலமாக ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பிரௌஷருக்குப் படம் செய்யும் வேலை வந்தது. மனைக்குப் பின்னால் ஒரு கால்வாய். நேரில் போய்ப் பார்த்து, இருந்தது இருந்தபடி செய்து கொடுத்தேன். "கட்டடம் சூப்பர். தண்ணியை மட்டும் மாத்துங்க" என்று சொன்னார்கள். மாற்றினேன். செடிகளை டெலீட் செய்தேன். டிரான்ஸ்மிஷனை ஏற்றினேன். அடியில் கூழாங்கல் வைத்தேன். ஆமாம், கூழாங்கல். பணம் வந்தது, ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் கீழ்வீட்டு மாமா அந்த பிரௌஷரோடு மேலே வந்தார். "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல இருக்கிறவன், பார்த்துச் சொல்லு. பொண்ணுக்கு எடுக்கிறோம். பின்னாடியே ஆறு ஓடுதுப்பா" என்றார். அது நான் செய்த படம், அங்கே ஓடுவது வேறு தண்ணீர் என்று சொன்னேன். படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அட்வான்ஸ் குடுத்தாச்சே தம்பி" என்று சொல்லி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பிரௌஷரின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில், 'கலைஞரின் கற்பனை' என்று அச்சிட்டிருந்தார்கள். நானும் அந்த எழுத்துக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தேன்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. விளம்பரத்திலோ விளக்கக் கையேட்டிலோ உள்ள பொய்த் தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு, கட்டுமான நிறுவனம் ஈடு தரவேண்டும் என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. கால்வாய் எங்கள் சொத்து இல்லையே, அதன் நிறத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று அவர்கள் வாதிடலாம். ஆனால் கட்டடத்தின் விலையில் அந்த நீல நிறமும் சேர்ந்திருக்கிறது என்பதே என் கருத்து. மனைக்கு வெளியே உள்ளவற்றை, முக்கியமாகத் தண்ணீரை, கற்பனையில் காட்டினால் படத்தின் மீதே பெரிய எழுத்தில் சொல்லவேண்டும். கால்வாய் சீரமைப்பு, நதிக்கரைப் பூங்கா என்று வரும் அரசுத் திட்டங்களின் மாதிரிப் படங்களுக்கும் இது பொருந்தும். தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்யப்போகிறார்கள் என்று கேட்கவேண்டிய கேள்வியை அந்தப் படம் மறக்கடித்துவிடுகிறது.

அழகாக்குவது மட்டும்தான் பொய் என்றும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை படர்ந்தது. மீனவர்களின் படகிலும் வலையிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அதை ஒருநாள் செய்து பார்த்தேன். பிளெண்டர் 4.2 பதிப்பில், 2024 முதல், மெல்லிய படலத்துக்கென்றே தின் ஃபிலிம் என்ற வசதி இருக்கிறது. படலத்தின் தடிமனை நானோமீட்டரில் கொடுக்கவேண்டும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 300, 400 என்று கொடுத்தால் மழைநாளில் பெட்ரோல் பங்க் வாசலில் பார்ப்போமே, அந்த வானவில் வந்துவிடுகிறது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஆனால் எண்ணூர் எண்ணெய் அப்படிப்பட்டதல்ல, கெட்டியானது. அதில் ஏது வானவில்? வானவில்லை எடுத்துவிட்டு, கறுப்பைக் கூட்டி, நிஜ ஃபோட்டோ போலவே கொண்டுவந்தேன். அதை யாருக்கும் அனுப்பவில்லை. மொபைலில் நான்கு கை மாறினால் ஃபோட்டோவாகிவிடும். பிறகு யாராவது அது கம்ப்யூட்டர் படம் என்று கண்டுபிடித்தால், படகுக்காரர் எடுத்த உண்மைப் படத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

நீங்கள் தொடங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள ஏதாவது தண்ணீரை, குளமோ கால்வாயோ மழைநீர்க் குட்டையோ, காலை ஏழு மணிக்கும் உச்சிவெயிலிலும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். இரண்டும் வேறு வேறு தண்ணீர் போல இருக்கும். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மவுஸைத் தொடுங்கள்.

கீழ்வீட்டு மாமாவின் மகள் அந்த வீட்டுக்குக் குடிபோய்விட்டார். போன மாதம் கிரகப்பிரவேசத்துக்கு நானும் போயிருந்தேன். மாமாவே பால்கனிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். என் முதல் படம் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. ஆகாயத்தாமரையை மட்டும் இன்னும் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளி வைத்திருக்கவேண்டும்.