‘புதுசே வாங்கிடலாம்’ என்ற பேச்சுக்கு எதிராக: ஒரு கொள்கைப் பிரகடனம்

“இதை ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்.”

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் எங்கள் இயக்கம் தொடங்குகிறது. கெட்டுப்போன பொருளைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவர்களில் இதைக் கேட்காமல் திரும்பியவர் குறைவு. சொல்கிறவர் பல நேரம் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். கேட்கிற நமக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம். புதுசு வாங்க ஒரு நியாயம் கிடைத்துவிட்டதே! தவணைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். பழையது பரணுக்குப் போகிறது, இல்லையென்றால் பழைய இரும்புக்காரரின் தராசுக்கு.

இயக்கம் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருவர் வீட்டில், ஊறவைத்த பருப்பை வடைக்குக் கெட்டியாக அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி பொசுக்கென்று நின்றது. கடையில் மேலோட்டமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, “மோட்டார் போயிடுச்சு” என்றார்கள். புதுசின் விலை நாலாயிரத்துச் சொச்சம். சம்பளம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பக் கொண்டுவந்தபோது, எதிர்வீட்டு அக்கா அதை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில், தூசிக்கும் காய்ந்த மாவுக்கும் நடுவே, சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்புப் பொத்தான். விரலால் அழுத்தினார். ‘டிக்’. நிமிர்த்தி வைத்துத் திருகினார், ஓடியது. சுமை கூடினால் மோட்டார் கருகிவிடாமல் மின்சாரத்தைத் துண்டிப்பதற்காகவே வைத்திருக்கிற பொத்தான் அது. மிக்ஸி கெடவே இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. ஏழு வருஷமாக அந்த வீட்டில் ஓடுகிற மிக்ஸியின் அடிப்பக்கத்தை அந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வடை சாப்பிட்டுக்கொண்டே பேசியதுதான் கீழே வருவது.

வீட்டுப் பொருள் மொத்தமாகச் சாவதில்லை என்று நாங்கள் நம்புகிறோம். ஒரு ரப்பர் சாகிறது, ஒரு புஷ் தேய்கிறது, ஒரு கார்பன் கரைகிறது. குக்கரில் விசில் வராமல் பக்கவாட்டில் ஆவி கசிந்தால் காஸ்கட் இறுகிப்போய்விட்டது என்று அர்த்தம். விலை நூறு, நூற்றைம்பது. அந்த காஸ்கட்டும் சீக்கிரம் போவதற்குக் காரணம் நாம்தான்: சமைத்து முடித்ததும் கழற்றிக் கழுவி விரித்து வைக்காமல், மூடியிலேயே மாட்டிச் சூட்டோடு விட்டுவிடுகிறோம். மின்விசிறி முன்போலச் சுற்றவில்லையா? பெரும்பாலும் மேலே கிண்ணத்துக்குள் இருக்கிற கெப்பாசிட்டர். 2.5 என்று எண் போட்டிருக்கும், சின்னத் தீப்பெட்டி மாதிரி இருக்கும். தெருமுனை எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிஷ வேலை. மிக்ஸி ஜாரின் அடியில் கறுப்பாகத் தண்ணீர் ஒழுகினால் புஷ் தேய்ந்திருக்கிறது. கவனிக்காமல் ஓட்டினால் அந்தத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். நூறு ரூபாயில் முடிய வேண்டியது நாலாயிரமாவது இப்படித்தான்.

ஃபிரிட்ஜுக்கு ஒரு பரிசோதனை சொல்கிறோம். பத்து ரூபாய் நோட்டைக் கதவின் விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்துக் கதவைச் சாத்துங்கள். நோட்டை இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ரப்பரில் பிடிப்பு இல்லை. குளிர் இரவும் பகலும் வெளியே போகிறது, கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடுகிறது. சோப்புத் தண்ணீரில் ரப்பரைத் துடைத்தாலே பல நேரம் பிடித்துக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு ஃபிரிட்ஜின் முகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், முதுகை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அங்கே ஒட்டடை.

கீசரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் நிரம்பும் கீசரின் தொட்டிக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி தொங்குகிறது. தொட்டியின் இரும்பை அரிக்க வேண்டிய தண்ணீர் முதலில் இந்தக் கம்பியை அரிக்கும், தொட்டி பிழைக்கும். போர்த் தண்ணீர் வருகிற வீடுகளில் கம்பி சீக்கிரமே கரைந்து நூலாகிவிடும். பிறகு தண்ணீர் தொட்டியைத் தின்னத் தொடங்கும். ஒழுக ஆரம்பித்த தொட்டிக்கு வைத்தியம் கிடையாது. கம்பியை மட்டும் மாற்றலாம் என்பதை விற்கும்போது எங்களில் ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தோம், பதினொரு வீடுகள். ஒருவருக்கும்.

துணிமணி விஷயத்தில் நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிச் சீருடையில் கூடுதலாக இரண்டு அங்குலம் மடித்துத் தைக்கச் சொல்லி, வருஷா வருஷம் பிரித்துவிட்ட அம்மாக்களின் வழி தெரிந்ததுதான். நூல் புடவை தூளியாகி, பழம்புடவை மெத்தையாகி, கரித்துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாகவும் ஆன வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

நம்மிடம் இருந்த இன்னொரு பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருகிறோம். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நினைவிருக்கிறதா? கடை வாசலில் உட்கார்ந்து, சின்ன மெஷினில் ‘கிர்ர்’ என்று, கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டித் தருவார்கள். அதனால்தான் அத்தை சீர் வைத்த குடம் எந்த வருஷத்துக் குடம் என்று இன்றைக்கும் தெரிகிறது. உங்கள் வாஷிங் மெஷின் எந்த வருஷத்தது? சட்டென்று சொல்ல முடியாது. ஆகவே இயக்கத்தில் சேர்கிற ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மின்சாரப் பொருள்களின் பின்பக்கம் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுத வேண்டும். கீழே ரிப்பேர் செய்த தேதிகள். வாரண்டி முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே காசு கொடுத்துச் சரிசெய்துகொண்டவர்கள் எங்களில் இரண்டு பேர்.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய்க்கு ஆயுள் ஐந்து வருஷம். அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அது முடிந்த பிறகு ஒரு நாளும் ஓட்டக் கூடாது. குக்கரின் பாதுகாப்பு வால்வுக்கு அதே கம்பெனியின் அசல் வால்வுதான், மலிவு மாற்று கிடையாது. ஹெல்மெட் ஒருமுறை விழுந்து அடி வாங்கினால் அதன் வேலை முடிந்தது. தெரியாதவர்கள் மின்சாரப் பொருளைத் திறக்கவே வேண்டாம்; தெரிந்தவர்களும் மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. பிரிப்பதற்கு முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டிய பிறகு இரண்டு ஸ்க்ரூ மிஞ்சுகிற ஆண்கள் எங்கள் இயக்கத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

சில நேரம் பழசு செலவும் வைக்கும். சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கிறது, பிஎல்டிசி விசிறி சுமார் 30. நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட் வித்தியாசம். கூடத்தில் ஓயாமல் சுற்றுகிற விசிறி கெட்டுப்போனால் மாற்றிவிடலாம். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடுகிற அறையில் பழசுக்கு கெப்பாசிட்டர் போதும். கணக்குப் பார்ப்பதுதான் எங்கள் கொள்கை. பழசைக் கட்டி அழுவதில்லை.

பழுது பார்க்கிறவரின் கூலியில் பேரம் பேச மாட்டோம். இதை நாங்கள் சத்தமாகவே சொல்கிறோம், ஏனென்றால் குற்றவாளிகள் நாங்களே. ஷோரூமில் ஒட்டியிருக்கிற விலையைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு, வெளியே குடை ரிப்பேர்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். நவச்சாரம் தூவி, வெள்ளைப் புகை எழப் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசியவர்கள், அம்மி கொத்தியவர்கள், பஞ்சு மெத்தையைப் பிரித்து அடித்துத் தைத்தவர்கள் எங்கள் தெருவுக்கு வராமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. கட்டுப்படியாகாமல் போனார்கள். சாணை பிடிப்பவர் இன்னும் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருகிறார். அவரையாவது நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அரசிடமும் கம்பெனிகளிடமும் கேட்க வேண்டியதைக் கேட்கிறோம். பழுது நீக்கிக்கொள்ளும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அந்த டிசம்பரிலேயே இணையதளமும் வந்தது. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் வாஷிங் மெஷின், டிவி, செல்போன் போன்றவற்றில் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு விற்கத் தொடங்கினார்கள். எளிதாகப் பழுது பார்க்க முடிகிற பொருளுக்கு அதிக மதிப்பெண். இங்கேயும் அப்படியொரு குறியீட்டுக்கு 2024இல் குழு போட்டு, 2025 மே மாதம் அறிக்கையும் வந்துவிட்டது. மின்சாரச் சிக்கனத்துக்கு நட்சத்திரம் ஒட்டுகிற இடத்திலேயே இந்த மதிப்பெண்ணையும் ஒட்டுங்கள். உதிரிபாகத்தின் பெயரையும் விலையையும் பெட்டிக்குள் வைக்கிற புத்தகத்தில், தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள். கடைக்காரர் திறந்து பார்க்காமல் ‘புதுசே வாங்கிடலாம்’ என்று சொன்னால் எங்கள் ஆள் ஒருவர் அங்கேயே நின்று, “எந்தப் பார்ட் போயிருக்கு?” என்று கேட்பார். பதில் வரும்வரை கேட்பார்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர்ப்பலகைக்குச் செலவழிக்கிற உத்தேசமும் இல்லை. சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. அந்த அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

பரணில் ஏறிப் பாருங்கள். 2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த விலையில்லா மிக்ஸியோ கிரைண்டரோ மின்விசிறியோ பல வீடுகளில் இன்னமும் சாக்குக்குள் தூங்குகிறது. இறக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தெரு தையல்கடைத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். வரும்போது உங்கள் வீட்டு ஸ்க்ரூடிரைவரையும் எடுத்து வாருங்கள். எங்களிடம் இருப்பது மூன்றுதான், அதில் ஒன்றுக்கு முனை மழுங்கிவிட்டது.