கோயில் ஆருடையது?

பிலிப்பைன்ஸ் எண்டவுடன எங்களில் கனபேருக்கு ஞாபகம் வாறது, பெரிய வெள்ளியில் தங்களைச் சிலுவையில் அறையவிடும் ஆட்களின் படங்கள்தான். ஆசியாவின் மிகப்பெரிய கத்தோலிக்க நாடு எண்டு படிச்சதோட சரி. அதே நாட்டில், வத்திக்கானிடமிருந்து பிரிந்துபோன ஒரு திருச்சபை 120 வருடங்களுக்கு மேலாக இருக்கிறது.

ஸ்பானியர் காலத்தில் நல்ல பங்குகள் எல்லாம் ஸ்பானியத் துறவிகளின் கையில். உள்ளூர்க் குரு என்னதான் படித்தாலும் பெரும்பாலும் உதவிக் குருதான். இதைத் தட்டிக்கேட்டவர்களில் கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று குருமாரை, கவித்தே கலகத்தோடு முடிச்சுப்போட்டு 1872இல் மணிலாவில் கொன்றார்கள். அந்தக் கோபம் ஆறவே இல்லை.

1902 ஓகஸ்ட் 3ஆம் திகதி, இசபெலோ டி லொஸ் ரேயெஸ் ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் பிலிப்பைன்ஸ் சுதந்திரத் திருச்சபையை அறிவித்தார். ஆயர்மார் கூடி எடுத்த முடிவில்லை அது. தொழிலாளர் நடுவில் பிறந்த திருச்சபை. புரட்சியில் நின்றதால் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டிருந்த குரு கிரெகோரியோ அக்லிபாய் அதன் முதல் தலைமை ஆயரானார். சனம் சனமாகச் சேர்ந்தார்கள். தங்கட பாட்டன் பூட்டன் கல் சுமந்து கட்டிய கோயில்களிலேயே வழிபட்டார்கள். ஆனால் 1906இல், அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த உச்ச நீதிமன்றம் கோயில்கள் உரோமைத் திருச்சபைக்கே சொந்தம் என்று தீர்த்தது. கட்டினவனுக்கு உரிமை இல்லை, உறுதி வைச்சிருக்கிறவனுக்குத்தான் உரிமை. இந்தக் கதை எங்களுக்குப் புதுசில்லைத்தானே?

இலங்கைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1889இல் அல்வாரெஸ் என்ற கோவாக் குரு உரோமுக்கு வெளியே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது கொழும்பில்தான்.

பிலிப்பைன்ஸில் கத்தோலிக்கரோடு மட்டும் இது நிற்கவில்லை. 1909இல் நிக்கொலாஸ் சமோரா அமெரிக்க மெதடிஸ்த மிஷனரிமாரை விட்டுப் பிரிந்து சொந்தச் சபை தொடங்கினார். 1914இல் பெலிக்ஸ் மனாலோ 'இக்லேசியா நி கிறிஸ்தோ'வைப் பதிவுசெய்தார். இன்றைக்கு உலகம் முழுக்கக் கிளைகள்.

இங்கதான் எங்களுக்கு ஒரு கேள்வி. வெள்ளைக்காரன் போய் எங்கட ஆள் வந்தால் அது விடுதலையா? மனாலோவின் சபையில் தலைமை தகப்பன், மகன், பேரன் எண்டு ஒரே குடும்பத்தில். தேர்தல் வந்தால் தலைமை காட்டும் ஆளுக்கே முழுச் சபையும் வாக்களிக்க வேண்டும். 2022இல் காட்டப்பட்டவர் சர்வாதிகாரி மார்க்கோஸின் மகன். சுதேசிச் சபைதான், ஆனால் விசுவாசியின் வாக்கு அவனுடையதில்லை.

மற்றப் பக்கம், அக்லிபாய் வழிச் சபையின் ஆயர் அல்பெர்த்தோ ரமென்தோ. முன்னாள் தலைமை ஆயர். ஹசியெண்டா லூயிசிதா கரும்புத் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்றவர். 2006 ஒக்டோபரில் தார்லாக்கில் தன் கோயில் மனையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். பொலிஸ் கொள்ளை என்றது. அவரோடு நின்றவர்கள் நம்பவில்லை.

அக்லிபாய் சபையில் பிழையே இல்லை எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. ஆனால் ஒரு சபை சுதந்திரமானதா எண்டு பார்க்க, அதின்ர தலைவர் எந்த நாட்டவர் எண்டு கேட்டால் மட்டும் காணாது. கூலிக்காரன் அடிவாங்கேக்க அது எங்க நிக்குது, உள்ளுக்க இருக்கிறவன் 'இல்லை' எண்டு சொல்லலாமா? எங்கட கோயில், பள்ளிவாசல், தேவாலயம், ஏன், எங்கட இயக்கங்கள், சங்கங்களிட்டயும் இதையே கேட்கலாம்.

கேட்டுப் பாருங்கோ.