94 மார்க் வாங்கிய பிள்ளைக்கு அறிவில்லையா?



கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாள் கணக்கில் காத்துக் கிடப்பது பாபநாசம் தாலுகாக்காரர்களுக்குப் புதிதல்ல. ஒரு பிடி நெல்லை எடுத்து, ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போடுகிறார்கள். 17 சதவிகிதத்துக்கு மேல் காட்டினால் "காயவைத்துக் கொண்டு வா" என்று ஒதுக்கி விடுகிறார்கள். அதனால் அந்த நெல் பதராகி விட்டதா? மழை பெய்தது, நெல் நனைந்தது, கருவி ஈரத்தைக் காட்டியது; அவ்வளவுதான். 17 என்பது சர்க்கார் போட்ட கோடு. மழை மிகுந்த சில ஆண்டுகளில், விவசாயிகள் குரல் கொடுத்த பிறகு, அந்தக் கோட்டைத் தளர்த்தியும் இருக்கிறார்கள்.

நெல் விஷயத்தில் இதை நாம் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறோம். பெற்ற பிள்ளையின் மார்க் விஷயத்தில்தான் ஏமாந்து போகிறோம்.

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடவு வேலைக்குப் போகும் ஒரு தாயைச் சந்தித்தேன். அவருடைய மகள் சர்க்கார் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைப் பரீட்சை எழுதினாள். என்.எம்.எம்.எஸ். என்று பள்ளிக்கூடங்களில் சொல்லுகிறார்களே, அந்தப் பரீட்சைதான். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவள் நம்பர் இல்லை.

"பாஸாகலை தோழர். படிப்பு ஏறாதுன்னு தெரிஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும், பத்தாவதோட நிறுத்திட்டு எங்க நாத்தனாரோட திருப்பூருக்கு அனுப்பிடலாம்னு இருக்கோம்" என்றார்.

மார்க் எவ்வளவு என்று கேட்டேன். பெண் உள்ளேயிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினாள். 180-க்கு 94!

அந்தத் தாயின் மேல் குற்றமில்லை. மார்க்கை எப்படிப் படித்துப் பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மகள் தோற்றுவிட்டாள் என்று நினைத்துக் கொண்டார். உண்மை என்ன?

இரண்டு கோடுகள்

இந்த உபகாரச் சம்பளத் திட்டத்தை மத்திய சர்க்கார் 2008-ல் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். சர்க்கார் பள்ளியிலோ, சர்க்கார் உதவி பெறும் பள்ளியிலோ படிக்கிற பிள்ளைகள் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். தேர்வு பெற்றால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். கூலிக்காரக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையல்ல.

பரீட்சைக்கு இரண்டு பகுதிகள். மனத்திறன் கேள்விகள் 90. பாடக் கேள்விகள் 90. மொத்தம் 180 மார்க். இரண்டையும் சேர்த்து 40 சதவிகிதம், அதாவது 72 மார்க் எடுத்தால் தகுதி உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32 சதவிகிதம், அதாவது 58 மார்க். இது முதல் கோடு. இதைத் தாண்டிய பிள்ளை தகுதி உள்ள பிள்ளை என்று சர்க்காரே ஒப்புக் கொள்கிறது.

ஆனால் தகுதி பெற்ற எல்லாருக்கும் பணம் கிடையாது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்குப் புதிதாக 1 லட்சம் பேருக்குத்தான் உபகாரச் சம்பளம். அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 பேர். இந்த எண்ணிக்கையை ஜில்லா வாரியாகவும், இன ஒதுக்கீட்டின்படியும் பங்கிட்டு, மேலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறார்கள். எண்ணிக்கை தீர்ந்ததும் ஒரு கோடு விழுகிறது. இது இரண்டாவது கோடு.

அந்தப் பெண் முதல் கோட்டை 22 மார்க் மிஞ்சித் தாண்டி விட்டாள். இரண்டாவது கோட்டில் நின்று போனாள். முதல் கோடு பிள்ளையின் தகுதியைச் சொல்லுகிறது. இரண்டாவது கோடு சர்க்காரின் கஜானாவைச் சொல்லுகிறது!

ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆலை வாசலில் பத்து வேலைக்கு நூறு பேர் நிற்கிறார்கள். பத்துப் பேரை உள்ளே எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்துகிறார்கள். வெளியே நிற்கும் தொண்ணூறு பேரும் வேலை தெரியாதவர்களா? உள்ளே இடம் பத்துதான்.

ஊருக்கு ஊர் மாறும் கோடு

இரண்டாவது கோடு எல்லா ஜில்லாவிலும் ஒரே இடத்தில் விழுவதில்லை. எந்த ஜில்லாவில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை இடம் ஒதுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். ஒரே மார்க் ஓரிடத்தில் தேர்வு பெறும், வேறோரிடத்தில் பெறாது. ஜில்லா ஒதுக்கீட்டையும் இன ஒதுக்கீட்டையும் நான் குறை சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால், வசதியான ஊர்ப் பள்ளிகளே எல்லா இடத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். கோடு நகரக் கூடியது என்பதைத்தான் சொல்லுகிறேன். நகரும் கோட்டை வைத்து, பிள்ளையின் மூளையை அளக்க முடியுமா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1955-ல் ஏற்பட்ட நேஷனல் மெரிட் உபகாரச் சம்பளத்தில், ஒரு மாகாணத்தில் முதல் சுற்றுத் தேர்வு பெறும் மார்க் பக்கத்து மாகாணத்தில் போதாமல் போவது உண்டு. எங்கே இடங்களை எண்ணி வைத்துப் பங்கிடுகிறார்களோ, அங்கெல்லாம் இப்படித்தான் நடக்கும்.

ஆறு மார்க் வித்தியாசம்

இன்னொரு கணக்கையும் பாருங்கள். இந்தப் பரீட்சையில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். ஒன்றைக் குறிக்க வேண்டும். ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நாலில் ஒன்று சரியாகலாம். ஆகவே 180-க்குச் சுமார் 45 மார்க் குருட்டாம்போக்கில் வரக் கூடும்.

இரண்டு பிள்ளைகள் ஒரே அளவு படித்திருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். இருவருக்கும் 40 கேள்விகளுக்கு விடை தெரியவில்லை. குத்துமதிப்பாகக் குறிக்கிறார்கள். சராசரியாக 10 சரியாக வரும். ஆனால் ஒரு பிள்ளைக்கு 7 வரலாம். மற்றதற்கு 13 வரலாம். படிப்பில் வித்தியாசமே இல்லாத இரண்டு பேருக்குள் 6 மார்க் வித்தியாசம்! கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளில் யார் உள்ளே, யார் வெளியே என்பதை அந்த 6 மார்க் முடிவு செய்துவிடும். இதைத் "திறமை" என்று சொல்லிவிட்டுப் போவது என்ன நியாயம்?

மொத்த மார்க்கை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு பகுதிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பாடப் பகுதியில் நல்ல மார்க்கும் மனத்திறன் பகுதியில் குறைந்த மார்க்கும் வந்திருந்தால், பிள்ளை பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறது என்று அர்த்தம். எண் வரிசை, படப் புதிர் போன்ற கேள்விகளில் அதற்குப் பழக்கம் இல்லை. அவை பாடப் புத்தகத்தைப் படித்து வருவதில்லை; போட்டுப் போட்டுப் பழகி வருவது. மாதிரித் தாள் வாங்கிக் கொடுக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வரும். தம் கைக் காசைப் போட்டு, மாலையில் தனி வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியிலும் வரும். அத்தகைய ஆசிரியர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அவர்கள் இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளை என்ன பாவம் செய்தது?

2024-லும் 2025-லும் இந்தப் பரீட்சை பிப்ரவரியில் நடந்தது. பிப்ரவரி என்றால் நம் பக்கம் சம்பா அறுப்பு. அப்பனும் ஆத்தாளும் விடியுமுன் வயலுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்ப்பதும் சோறு ஆக்குவதும் மூத்த பெண்ணின் தலையில் விழும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போய் 94 மார்க் எடுத்த பெண்ணுக்குப் படிப்பு ஏறாதா?

பணம் இல்லையா?

"எல்லாருக்கும் கொடுக்கச் சர்க்காரிடம் பணம் ஏது?" என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றால் 120 கோடி. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வகுப்புகளுக்கும் சேர்த்து 480 கோடி. 2025-26 மத்திய பட்ஜெட் 50 லட்சம் கோடியைத் தாண்டியது. பத்தாயிரம் ரூபாய் செலவழிக்கிற இடத்தில், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ரூபாய்கூட முழுதாக ஒதுங்கவில்லை!

2008-ல் மாதம் 500 ரூபாயாக இருந்த தொகை, 2017 ஏப்ரலில்தான் 1,000 ஆயிற்று. 2025 வரை அதே தொகைதான். வருமான வரம்பை 1.5 லட்சத்திலிருந்து 3.5 லட்சமாக உயர்த்தினார்கள், அது சரிதான். ஆனால் இடங்களின் எண்ணிக்கையை உயர்த்தவில்லை. பந்திக்கு ஊரையே அழைத்துவிட்டு, பழைய எண்ணிக்கைக்கே இலை போட்டால் என்ன ஆகும்?

வேறு வழி இல்லாமலில்லை. சர்க்கார் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை, தமிழ்நாடு சர்க்கார் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதில் மார்க் கோடு இல்லை, படித்தால் உண்டு. கல்லூரி வாசலில் செய்ய முடிந்ததை ஒன்பதாம் வகுப்பு வாசலில் ஏன் செய்ய முடியாது?

நம் கோரிக்கை எளியது. முதல் கோட்டைத் தாண்டிய ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் உபகாரச் சம்பளம் கொடு. விலைவாசி ஏறும்போது தொகையையும் ஏற்று. அறுப்புக் காலத்தில் பரீட்சை வைக்காதே. கூலி அளக்க முத்திரை மரக்கால் கேட்டுப் போராடிய தஞ்சை ஜில்லாவில், இது அதிகப்படியான கோரிக்கை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பட்டியல் வந்ததும், நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல் மார்க்கையும் கேட்டு வாங்குங்கள். தேர்வு பெற்றிருந்தால், பிள்ளை பெயரில் பாங்கிக் கணக்கு வேண்டும். அது ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் தவணைக்குள் பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பதியாவிட்டால் பணம் வராது. பத்தாம் வகுப்பில் 60 சதவிகிதம் எடுத்தால்தான் மேலும் இரண்டு ஆண்டுகள் தொடரும். ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளுக்கு 55. வருமான சர்டிபிகேட்டைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீர்கள். கூலியை விட்டுவிட்டு அலைய முடியாத குடும்பங்களுக்குச் சங்கத்து வாலிபர்கள் துணை போக வேண்டும்.

தேர்வு பெறாவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுப் பரீட்சை இருக்கிறது. ஜில்லாவுக்கு 50 பையன்கள், 50 பெண்கள். பதினொன்றாம் வகுப்பிலும் திறனாய்வுப் பரீட்சை உண்டு. எல்லாவற்றையும் எழுதட்டும். எதிலும் கிடைக்காவிட்டாலும் படிப்பை நிறுத்தாதீர்கள். சர்க்கார் ஒரு பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கவில்லை என்பதற்காக, நாமும் அந்தப் பிள்ளையைக் கைவிட்டு விடுவதா?

அந்தத் தாயிடம் இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். 72-க்கு மேல் எத்தனை என்று மகளையே கழித்துப் பார்க்கச் சொன்னேன். "இருபத்திரண்டு" என்றாள் பெண், தலை நிமிர்ந்து. தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இவ பாஸ்தானே தோழர்?" என்று கேட்டார்.

ஆம் அம்மா, உங்கள் மகள் பாஸ்! பாஸாக வேண்டியது சர்க்கார்தான்.