புலியும் வாழ வேண்டும், பளியரும் வாழ வேண்டும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரங்களுக்கு மேற்கே உள்ள மலைக்காடு 2021 பிப்ரவரியில் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தேசத்தில் இது 51-வது காப்பகம்; தமிழகத்தில் 5-வது. நாம் இதை வரவேற்கிறோம்.

புலி வாழ மான் வேண்டும். மான் வாழப் புல்லும் நீரும் வேண்டும். இந்தக் காடுதான் வைகையின் தாய்வீடு. ராஜபாளையம் ஆலைத் தொழிலாளியின் வீட்டுக் குடத்துக்கும் அய்யனார் கோவில் மலையிலிருந்தே தண்ணீர் இறங்குகிறது. காடு அழிந்தால் முதலில் காய்வது ஏழையின் குடம்தான்.

புலியை அழித்தவர்கள் யார்? வெள்ளைத் துரைமார்களும் சமஸ்தானாதிபதிகளும் பொழுதுபோக்குக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். தேயிலைக்கும் காப்பிக்கும் மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. 1972-ல் நாடு முழுவதிலும் எஞ்சியவை சுமார் 1,800 புலிகளே. 1973-ல் புலிகள் திட்டம் வந்த பின்னும், ராஜஸ்தானத்துச் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005-ல் அம்பலமாயிற்று. கள்ள வேட்டைக் கும்பலின் கைவரிசை அது. 2022 கணக்கெடுப்பின்படி தேசத்தின் சராசரி மதிப்பீடு 3,682. இது நல்ல செய்தியே.

ஆனால், செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் மலையடியிலும் தேனெடுத்து வாழும் பளியர்கள் செய்த குற்றம் என்ன? காப்பகங்களின் மையப் பகுதிகளில் உள்ள 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை இடம் மாற்றும் பணியைத் துரிதப்படுத்துமாறு தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் மாநில சர்க்கார்களுக்கு எழுதிற்று. ஆதிவாசிகளின் நெஞ்சில் இது பீதியைக் கிளப்பாதா?

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும், அதே ஆண்டு திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டமும் தெளிவாக இருக்கின்றன. முதலில் உரிமையை அங்கீகரிக்க வேண்டும். மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ வழியே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். கிராம சபையின் சம்மதம் பெற வேண்டும். பிறகே இடமாற்றப் பேச்சு. கர்நாடகத்து பிலிகிரி ரங்கன் மலையில் 2011-ல் புலிகள் காப்பகமும் வந்தது. சோளகர்களின் வன உரிமையும் ஏற்கப்பட்டது.

ஆகவே, பளியர்களின் உரிமை மனுக்கள் மீது தாமதமின்றி முடிவு காண வேண்டும். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த பளிய இளைஞர்களை நியாயமான சம்பளத்தில் நிரந்தரக் காவலர்களாக நியமிக்க வேண்டும். யானையிடமும் பன்றியிடமும் மாவையும் தென்னையையும் பறிகொடுக்கும் விவசாயிக்கு உடனே நஷ்டஈடு தர வேண்டும். ஆலைத் தொழிலாளரும் விவசாயிகளும் இக்கோரிக்கைகளைத் தமதாக ஏற்றுக் குரல் எழுப்ப வேண்டும்.

காட்டு மக்களைப் பகைத்துக் கொண்டு எந்த சர்க்காரும் காட்டைக் காப்பாற்ற முடியாது!